அக்வெமினி கேட்கப்போகும் செல்வத்துக்கு

அட்லாண்டா,
ஏப்ரல் 2

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. நேரத்துக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிற ஆள் இல்லை நீ. தங்கச்சி பக்கத்தில் இருப்பதால் கவலையில்லை. கொஞ்ச நாளைக்குப் படிக்காதே, டி.வி. பார்க்காதே என்று டாக்டர் சொன்னதில் நொந்துபோயிருக்கிறாய் என்பது வரிக்கு வரி தெரிகிறது. பையன் வாங்கிக் கொடுத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவன் கேட்கிற ராப்பைக் கேட்டுப் பார்த்தாயாம். கந்துவட்டிக்காரன் வாசலில் நின்று மூச்சு விடாமல் திட்டுகிற மாதிரி இருந்ததாம். சிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் அந்த இசையின் ஊரிலேயே குடியிருக்கிறாயே, நீயாவது உருப்படியாக ஒன்றைச் சொல் என்று கேட்டிருக்கிறாய்.

சரி, ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவுட்காஸ்ட் என்ற இரண்டு பேர் 1998 செப்டம்பர் 29 அன்று வெளியிட்ட 'அக்வெமினி' என்ற ராப் ஆல்பம். மொத்தம் 16 தடங்கள், ஒன்றேகால் மணி நேரம். இந்தக் கடிதத்தைத் தங்கச்சிதான் உனக்குப் படித்துக் காட்டப்போகிறாள் என்பதால் சில இடங்களில் பூசி மெழுகித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆல்பத்தில் அந்தப் பூச்சு கிடையாது. வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுவிடாதே.

நீ திருச்சியில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். ராப் என்றாலே வார்த்தை என்று நினைத்துத்தான் எல்லோரும் முதல் நிமிஷத்திலேயே இறங்கிவிடுகிறார்கள். நீ வார்த்தையை விட்டுவிடு, முதலில் அடியில் என்ன ஓடுகிறது என்று கேள். அமெரிக்கத் தென்பகுதி ராப் காருக்காகவே செய்யப்பட்ட இசை. இங்கே பையன்கள் டிக்கி முழுக்க ஸ்பீக்கர் அடைத்து வைத்திருப்பார்கள். சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றால் நம் கார்க் கண்ணாடி அதிரும், பாட்டு அப்புறம்தான் காதில் விழும். அந்த அதிர்வை மனதில் வைத்து எழுதப்பட்ட பேஸ் இது.

இருவரில் ஒருவர் ஆந்த்ரே பெஞ்சமின்; ஆந்த்ரே 3000 என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர் ஆன்ட்வான் பேட்டன், மேடைப் பெயர் பிக் பாய். இருவரும் 1975இல் பிறந்தவர்கள். அட்லாண்டாவை ஒட்டிய ஈஸ்ட் பாயின்ட்டில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். அப்போது ரிக்கோ வேட் என்பவர் அங்கே ஓர் அழகுசாதனக் கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடை வாசலில் நின்று பாடிக் காட்டித்தான் அவர் குழுவில் சேர்ந்தார்கள். ரிக்கோ வேடின் அம்மா வீட்டு நிலவறைதான் இவர்களுடைய பட்டறை. தரைகூடப் போடாத மண் தரை. அதை 'டஞ்சன்' என்றே அழைத்தார்கள். ஆர்கனைஸ்டு நாய்ஸ் என்ற இசைத் தயாரிப்புக் குழு, குடீ மாப் என்ற ராப் குழு, அவுட்காஸ்ட் எல்லாம் அந்த ஒரே குழியிலிருந்து ஏறி வந்தவர்கள். ரிக்கோ வேட் 2024 ஏப்ரலில் இறந்தபோது இந்த ஊர் ரேடியோவில் பழைய பாட்டுகளாகவே ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது ஒரு கதை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆல்பத்தின் கடைசி நிமிஷம் உனக்குப் பிடிபடாது. ஹிப் ஹாப் பிறந்த வீடு நியூயார்க். தொண்ணூறுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டிக்கு வந்தது. தெற்கத்திக்காரன் என்றால் இழுத்து இழுத்துப் பேசுகிற பட்டிக்காட்டான், அவனுக்கு இதில் என்ன வேலை என்பதுதான் பொது எண்ணம். ஹூஸ்டனிலும் மயாமியிலும் நல்ல சரக்கு வந்துகொண்டுதான் இருந்தது, மதிக்க ஆளில்லை. 1995 ஆகஸ்டில் 'தி சோர்ஸ்' என்ற பத்திரிகையின் விருது விழா நியூயார்க்கில் நடந்தது. மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் அன்றைக்கே மேடையில் வாய்த்தகராறு. அந்தச் சூட்டில், சிறந்த புதிய குழு என்று அவுட்காஸ்டை அறிவிக்கிறார்கள். அரங்கம் ஊளையிடுகிறது. இருபது வயதுப் பையன்கள் இருவரும் விருதை வாங்க மேடை ஏறினார்கள். தெற்கத்திக்காரர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது என்று ஆந்த்ரே மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினார். அவ்வளவுதான் பேச்சு.

அதற்கு அடுத்த வருஷம் 'ஏட்டீலியன்ஸ்', அதற்குப் பின் இந்த 'அக்வெமினி'. இதற்கு அதே 'தி சோர்ஸ்' பத்திரிகை ஐந்துக்கு ஐந்து மைக் போட்டது (அவர்கள் மார்க்கை மைக் கணக்கில்தான் போடுவார்கள்). தெற்கத்திக் குழு ஒன்றுக்கு அது முதல் தடவை. அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு தரப் பட்டியலில் இரண்டாம் இடம். ஆனால் நான் சொல்ல வந்தது வெற்றியைப் பற்றியல்ல, வேகத்தைப் பற்றி. அவமானப்பட்டவன் அடுத்த தடவை மைக்கைப் பிடித்தால் என்ன செய்வான்? தன்னாலும் முடியும் என்று காட்டுவதற்காகக் கத்துவான், வித்தை எல்லாவற்றையும் முதல் பாட்டிலேயே இறக்குவான். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. இந்த ஆல்பத்தில் யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. நியூயார்க்காரன் தலையாட்டுகிறானா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதை அதற்குள் நிறுத்திவிட்டார்கள் என்பது என் ஊகம். அந்த நிதானத்துக்காகத்தான் நான் திரும்பத் திரும்ப இதைக் கேட்கிறேன்.

நீ 12ஆவது தடத்திலிருந்தே தொடங்கு. 'ஸ்பாட்டி ஆட்டி டோப்பலிஷஸ்' என்று ஒரு பெயர், அர்த்தமெல்லாம் தேடாதே. ஏழு நிமிஷப் பாட்டு. பேஸ் மெதுவாக, ரெகேயும் டப்பும் கலந்த சாயலில், ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டு நடக்கும். அதன் மேல் பித்தளை வாத்தியங்கள் ஒரு சின்ன மெட்டைச் சேர்ந்து ஊதும், நிறுத்தும், மறுபடி ஊதும். அதே மெட்டு கடைசி வரைக்கும். அலுக்காது, நான் பொறுப்பு. கறுப்பர் கல்லூரிகளின் அணிவகுப்பு பேண்டுகள் இன்றைக்கும் கால்பந்து மைதானத்தில் இதை வாசிக்கின்றன. 2016இல் பியான்சே தன் பாட்டு ஒன்றில் இந்தக் குழல் மெட்டையே எடுத்துப் போட்டார். இந்தப் பாட்டில் ராப் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஸ்லீப்பி பிரவுன் உச்சஸ்தாயியில் கொஞ்சம் பாடுகிறார். மற்றபடி இருவரும் வெறுமனே பேசுகிறார்கள். ஆந்த்ரே ஒரு நடன அரங்கின் இரவைச் சொல்கிறார்: நல்ல குஷி, கொஞ்சம் காதல், திடீரென்று அடிதடி. பிக் பாய் பேசுவது அதற்கு அப்புறம் வருகிற வாழ்க்கை. பார்த்த பெண்ணோடு குடும்பமாகி, குழந்தை பிறந்து, வேலை தேடிப் போனால் பார்சல் கம்பெனியும் தபால் ஆபீசும் கூப்பிடவில்லை. காரணம் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துபோனது. இதைச் சொல்லும்போது குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. குழல்காரர்கள் பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்து 'ரோசா பார்க்ஸ்'. கிட்டாரும் கைத்தட்டலுமாக ஆட்டம் போட வைக்கிற பாட்டு. நடுவில் ராப்பை நிறுத்திவிட்டு மவுத் ஆர்கனும் காலால் தட்டுகிற தாளமுமாக ஒரு கிராமத்துத் திருவிழாவே வந்து போகும். அந்த மவுத் ஆர்கனை வாசித்தவர் ஆந்த்ரேயின் மாற்றாந்தந்தை ராபர்ட் ஹோடோ, சர்ச் போதகர். 1998இல் ஹிப் ஹாப்புக்குள் மவுத் ஆர்கனைக் கொண்டுவருவதென்றால், நம்மைப் பட்டிக்காட்டான் என்று சொன்னவனிடம் ஆமாம், இப்போ என்ன என்று கேட்கிற மாதிரிதான். ஆனால் இந்தப் பாட்டு கோர்ட்டுக்குப் போனது. 1955இல் மான்ட்கமரியில் வெள்ளைக்காரருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த அதே ரோசா பார்க்ஸ், தன் பெயரைக் கேட்காமல் பயன்படுத்திவிட்டார்கள் என்று 1999இல் வழக்குப் போட்டார். பல்லவியில் பேருந்தின் பின்பக்கம் நகரச் சொல்கிறார்கள். போட்டிக்கு வருகிற மற்ற பாடகர்களைப் பார்த்துச் சொல்வது அது. அந்த அம்மாளைப் பற்றிப் பாட்டில் ஒன்றும் இல்லை. 2005இல் சமரசமானது. அதே வருஷம் அக்டோபரில் அவர் காலமானார். சட்டத்தில் யார் பக்கம் நியாயமோ, அந்த வயதான பெண்மணியின் மனசு புண்பட்டிருக்கலாம் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பாட்டைப் போட்டால் கால் தானாகத் தட்டும். இரண்டும் உண்மை.

கதை சொல்கிற பாட்டு ஒன்று உண்டு, 9ஆவது. அதில் ஆந்த்ரே ஒரு சிறு வயதுத் தோழியைப் பற்றிச் சொல்கிறார். இருவரும் படுத்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வளர்ந்து பெரிய ஆளானதும் என்னவாக வேண்டும் என்று கேட்கிறான். உயிரோடு இருக்க வேண்டும் என்கிறாள். அவன் ஒரு நொடி யோசனையில் ஆழ்ந்துபோகிறான். பிறகு வருஷங்கள் கழித்து அவள் கையில் ஊசியோடு, வயிற்றில் பிள்ளையோடு இறந்து கிடந்தாள் என்ற செய்தி வருகிறது. கேட்பவன் கண்ணைத் துடைக்கட்டும் என்று இசை ஒரு இடத்திலும் பொங்குவதில்லை. இதற்கு முதல் பாதியில் பிக் பாய் சொல்கிற கதையைத் தங்கச்சிக்காகத் தாண்டிப் போகிறேன்.

பிக் பாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஆல்பத்தின் பெயரே இருவர் ராசியையும் சேர்த்துச் செய்ததுதான். அவருக்குக் கும்பம் (அக்வேரியஸ்), ஆந்த்ரேவுக்கு மிதுனம் (ஜெமினி). (மேல்நாட்டுக் கணக்கு இது, பிறந்த தேதி போதும். நம் ஜோசியர் ஒப்புக்கொள்ள மாட்டார்.) ராசியைத் தலைப்பில் வைத்துவிட்டு அந்தப் பாட்டின் பல்லவியிலேயே ராசிபலன் பல நேரம் பொய்க்கும் என்றும் சொல்லிவிடுகிறார்கள், அது வேறு விஷயம். எல்லோரும் ஆந்த்ரேயைத்தான் மேதை என்பார்கள். தலைப்பாகை கட்டி, விசித்திரமாக உடுத்தி வந்தவர் அவர். பைத்தியமா, போதையா, ஏதாவது சாமியார் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாரா என்று ஊரே பேசியதற்கு இரண்டாவது தடத்தில் அவரே பதில் சொல்கிறார். பிக் பாய் பக்கத்துத் தெருப் பையன் மாதிரி இருந்தார், அதனால் கவனிக்காமல் விட்டார்கள். ஆனால் எதுகையும் இயைபும் வரிக்குள் வரி புகுந்து வர, தாளத்தில் ஒரு மயிரிழை பிசகாமல் சொற்களை இறக்குவதில் அவருக்கு ஈடு யார்? ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் வாடகையைக் கணக்குப் போடுகிறார். ஒருவரை ஒருவர் திருத்தப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. மேடையில் பேஸ் வாசிப்பவனை யார் பார்த்தார்கள் என்று நீ அந்தக் காலத்தில் எத்தனை தடவை புலம்பியிருப்பாய்! உனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும்.

எல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். 'மாமசீட்டா' வந்தால் நான் தாண்டிவிடுவேன். 'சிந்தசைஸர்' பாட்டில் ஃபங்க் இசையின் பெரிய கை ஜார்ஜ் கிளிண்டனே வந்திருந்தும் எனக்கு ஒட்டவில்லை. பெண்களைப் பற்றிப் பேசுகிற சில இடங்கள் அப்போதே மோசம், இப்போது இன்னும் மோசமாகக் கேட்கிறது. நியூயார்க் ராப் பாடகர் ரேக்வான் விருந்தாளியாக வந்து பாடுகிற நாலாவது தடத்தை மட்டும் தவறவிடாதே; ஊளையிட்ட ஊரிலிருந்து ஒருவர் இவர்கள் வீட்டுக்கு வந்து, இவர்கள் தாளத்துக்குப் பாடிவிட்டுப் போகிறார்.

கடைசிக்கு முந்தியது 'லிபரேஷன்'. எட்டே முக்கால் நிமிஷம். பியானோ, மெல்லிய தாளம், குடீ மாபின் பாடகர் சீ-லோ, பாடகி எரிக்கா பாடு, இவர்கள் இருவர், முடிவில் கவிஞர் பிக் ரூபின் கவிதை. பாட்டு எங்கும் போய்ச் சேரத் துடிக்காது. நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கிற சாயங்காலங்களில் எனக்கு இதுதான் துணை. அதை அடுத்து 'சாங்கிஃபயர்': கர்ஜிக்கிற எலெக்ட்ரிக் கிட்டார். பாட்டு முடிகிற இடத்தில் திடீரென்று ஒரு கூட்டத்தின் இரைச்சல் கேட்கும். அந்த 1995 விருது மேடையின் பதிவு அது. ஆந்த்ரே மைக்கில் சொன்ன அந்த வாக்கியத்தையும் அதில் வைத்திருக்கிறார்கள். ஏளனத்தை மறைக்காமல், ஒன்றேகால் மணி நேர இசையை நம் முன் வைத்த பிறகு, போகிற போக்கில் அதையும் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஆல்பம் பதிவான ஸ்டூடியோக்களில் ஒன்றை அவர்களே வாங்கி 'ஸ்டாங்கோனியா' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு ராப் என்றால் முதலில் அட்லாண்டாவைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற ஊர். ஆந்த்ரே 2023இல் ஒரு வார்த்தைகூட ராப் இல்லாமல் முழுக்கப் புல்லாங்குழல் வகைக் கருவிகளை ஊதி ஓர் ஆல்பம் போட்டார். அதைப் பற்றி எனக்கு இன்னும் முடிவான கருத்து இல்லை. உன் பையன் அவுட்காஸ்ட் பெயரைக் கேள்விப்பட்டிருப்பான், ஆனால் இதை முழுசாகக் கேட்டிருக்கிறானா என்று கேட்டுப் பார். இல்லையென்றால் நீ முந்திக்கொள். வீட்டில் கொஞ்ச நாள் மரியாதை கூடும்.

இங்கே பைன் மரப் பூந்தூள் கொட்டுகிற காலம். காலையில் கார் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நிற்கிறது. வீட்டில் ஆளுக்கு ஒரு தும்மல். மகளுக்குக் கல்லூரி முடிய இன்னும் ஒரு வருஷம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எடை கட்டுக்குள் இல்லை.

டிசம்பரில் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. பழைய பேஸ் கிட்டாரை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்ததாக எழுதியிருந்தாய். நான் வரும் வரைக்கும் கொடுக்காதே. தந்தி துருப்பிடித்துவிட்டது என்பதுதான் குறை என்றால் இங்கிருந்து ஒரு செட் வாங்கி வருகிறேன். ரவுண்ட்வவுண்டா, ஃபிளாட்வவுண்டா, எது வேண்டும் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
பாலு