கேடயத்தில் உருவம் இல்லாத ரோம நாணய நகல்கள்: முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கோரும் புகார் கடிதம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
நாணய நகல் விற்பனை நிறுவனம்.

பொருள்: விளம்பரத்தில் கூறிய கேடய அலங்காரம் இல்லாத நாணய நகல்களை அனுப்பியது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ரோமப் பேரரசின் நாணயங்களில் கேடயங்கள் பெற்றிருந்த இடத்தை விளக்கும் நான்கு நகல் காசுகளும் ஒரு கையேடும் அடங்கிய பெட்டியைத் தங்கள் இணையதளத்தில் 4,850 ரூபாய் செலுத்தி வாங்கினேன். நான் பணியாற்றிய பள்ளியின் வரலாற்று மன்றக் கண்காட்சிக்காக வாங்கிய பெட்டி இது. ‘கேடயத்தில் உள்ள நுண்ணிய உருவங்கள் மூலத்தில் உள்ளபடியே தெரியும்’ என்று தாங்கள் எழுதியிருந்த ஒரே காரணத்தால்தான் விலை குறைவான வேறு நகல்களை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தேன். வந்து சேர்ந்த நான்கில் ஒன்றுகூட அந்த வாக்குறுதிக்கு ஏற்றதாக இல்லை.

மிகப் பெரிய குறை இரண்டாம் கான்ஸ்டான்டியஸின் சாலிடஸ் என்ற தங்கக் காசின் நகலில் உள்ளது. 337 முதல் 361 வரை ஆண்ட இந்தப் பேரரசரின் காசுகளில், தலைக்கவசம் அணிந்து, ஈட்டியைத் தோளில் சாய்த்து, மார்புக்கு முன்னே கேடயம் ஏந்தி நம்மை நோக்கும் உருவம் ஒன்று உண்டு. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்தக் கேடயத்துக்குள் ஒரு குதிரைவீரன் கீழே விழுந்த எதிரியை ஈட்டியால் குத்துவதைச் செதுக்கியிருப்பார்கள். 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் காலம் வரை இந்த அமைப்பு தொடர்ந்தது. எதிரியை வெல்பவன் பேரரசன் என்ற செய்தியை அந்தச் சிறு குதிரைதான் சுமக்கிறது. தாங்கள் அனுப்பிய நகலிலோ குதிரையும் இல்லை, வீரனும் இல்லை, தேய்த்துக் கழுவிய தோசைக்கல் போன்ற ஒரு வட்டம் மட்டுமே இருக்கிறது.

இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, பழங்காலக் காசு என்றால் தேய்ந்துதான் இருக்கும் என்று தங்கள் ஊழியர் பதில் கூறினார். காசு தேயும்போது முதலில் தேய்வது மேடான பகுதிகளே; நேர்முகமாக அமைந்த உருவத்தில் மூக்குதான் எல்லாவற்றையும்விட மேடாக இருக்கும். இந்த நகலில் மூக்கு கூர்மையாக இருக்கிறது, தலைக்கவசத்தின் மணிகளை லென்ஸ் இல்லாமலே எண்ண முடிகிறது, சுற்றியுள்ள எழுத்துகள் ஒன்றுகூட மழுங்கவில்லை. கேடயம் மட்டும் தனியாகத் தேய்வதற்கு வழியே இல்லை என்பதால், வார்ப்பு அச்சைத் திருத்தியவர் அந்த நுண்ணிய உருவத்தை ஏதோ கறை என்று நினைத்து மழித்துவிட்டார் என்றே கருத வேண்டியுள்ளது.

276 முதல் 282 வரை ஆண்ட புரோபஸின் காசு நகலிலும் இதே கதைதான். இவருடைய காசுகளில் கேடய அலங்காரம் அச்சுக்கு அச்சு மாறுபடும். அந்த வேறுபாட்டுக்காகவே அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. அலங்காரத்தை நீக்கிய பிறகு இதைப் பெட்டியில் வைத்ததன் நோக்கம் எனக்குப் புரியவில்லை.

இல்லாத இடத்தில் உருவத்தைச் சேர்த்திருப்பது இன்னும் வேடிக்கை. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் பேரன்மார்களும் தத்துப் புதல்வர்களுமான கேயஸ், லூசியஸ் ஆகிய இருவரும் நிற்கும் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசில், அவர்களுக்கு நடுவே இரண்டு வட்டக் கேடயங்களும் ஈட்டிகளும் உள்ளன. ரோமின் குதிரைவீரர் வகுப்பினர் அவர்களை இளைஞர் தலைவர்கள் என்று போற்றி, வெள்ளிக் கேடயங்களும் ஈட்டிகளும் பரிசளித்ததாக அகஸ்டஸ் தம் சாதனைக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். தங்கள் நகலில் அந்த இரு கேடயங்களிலும் சிங்க முகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தக் காசு கொங்கு நாட்டுப் புதையல்களில் கிடைத்த வகையைச் சேர்ந்தது. அருங்காட்சியகத்தில் மூலத்தைப் பார்த்த மாணவர் யாரேனும் கேட்டால், எந்தப் பேரரசரின் சிங்கம் என்று நான் சொல்வேன்?

நான்காவது, அகஸ்டஸின் கேடயம் பொறித்த தினாரியஸ். கேடயத்தின் மேல் இருக்க வேண்டிய, ‘வீரக் கேடயம்’ என்பதன் லத்தீன் சுருக்கமான ‘சி எல் வி’ (CL V) என்ற எழுத்துகளில் நடு எழுத்தின் அடிக்கோடு விடுபட்டு, அது ‘சி ஐ வி’ என்று ஆகியிருக்கிறது. கையேடோ இதை அகஸ்டஸ் போர்க்களத்தில் ஏந்திய கேடயம் என்கிறது. இது கி.மு. 27இல் ரோமின் ஆட்சிமன்றமும் மக்களும் வழங்கிய பொற்கேடயம். வீரம், கருணை, நீதி, கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்றும் கடமை ஆகிய நான்கு பண்புகளுக்காக அளிக்கப்பட்டு, ஆட்சிமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டது. இதன் பளிங்குப் படி ஒன்று பிரான்சின் ஆர்ல் நகரில் கிடைத்திருக்கிறது. பெட்டியின் மூடியில் அச்சிட்டிருக்கும் படமும் உள்ளே இருக்கும் எந்தக் காசுக்கும் உரியதன்று. அது 313இல் இத்தாலியின் டிசினம் நகரில் பேரரசர் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட தங்கப் பதக்கம். அதில் கேடயத்தின் மேல் சூரியக் கடவுளின் நான்கு குதிரைத் தேர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! அந்தப் படத்தைக் காட்டித்தான் என்னைப் போன்றவர்களை வாங்க வைத்திருக்கிறீர்கள்.

அடுத்த கொள்முதலுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவதாகத் தங்கள் மின்னஞ்சல் கூறுகிறது. எனக்கு அடுத்த கொள்முதல் வேண்டாம். முழுத் தொகையையும், பெட்டியைத் திருப்பி அனுப்பும் கூரியர் செலவையும், இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். பணம் வாங்கிய ரசீதின் நகலையும், நான்கு கேடயங்களையும் பெரிதாக்கி எடுத்த ஒளிப்படங்களையும், விளம்பரத்தின் திரைப்பதிவையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்