அர்ஹூலியின் உறைக்குறிப்புகள்: ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2016-ஆம் ஆண்டு அர்ஹூலி என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் 350-க்கும் மேற்பட்ட இசைத்தொகுப்புகளை, ஸ்மித்சோனியன் அமைப்பின் இசைத்தட்டு நிறுவனமான நீங்கள் ஏற்றுக்கொண்டபோது, அவை நல்ல கைகளில் சேர்ந்தன என்று மகிழ்ந்த ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த பாட்டு வகை) நேயர்களுள் நானும் ஒருவன். அந்த நம்பிக்கை குறையாததால்தான், அவற்றின் உறைக்குறிப்புகளை, அதாவது பாடகரையும் பதிவையும் பற்றி இசைத்தட்டின் உறையில் எழுதப்பட்ட குறிப்புகளை, காக்குமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

அர்ஹூலியைத் தொடங்கிய கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் வணிகர் அல்லர். அன்றைய ஜெர்மனியின் சைலீசியாவில் பிறந்து, போருக்குப் பின் 1947-இல் பதின்வயதில் அமெரிக்கா வந்தவர்; கலிஃபோர்னியாவில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1959-இல் ஹியூஸ்டன் நகரின் சிறு மதுக்கடை ஒன்றில் ப்ளூஸ் பாடகர் லைட்னின் ஹாப்கின்ஸ் கண்ணெதிரே நடப்பவற்றையே அந்தக் கணத்தில் பாட்டாகக் கட்டிப் பாடியதைக் கேட்ட பிறகு, இத்தகைய பாட்டை அது பிறக்கும் இடத்திலேயே பதிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. மறு கோடையில் நாட்டார் இசை ஆய்வாளர் மாக் மெக்கார்மிக்குடன் டெக்சாஸ் முழுவதும் தேடித் திரிந்து, நவசோட்டா என்ற ஊரில் பாடகர் மான்ஸ் லிப்ஸ்கோம்பைக் கண்டார். வாழ்நாளின் பெரும்பகுதியைக் குத்தகை விவசாயியாகக் கழித்திருந்த லிப்ஸ்கோம்புக்கு அப்போது 65 வயது; அதற்கு முன் அவர் குரல் எந்த இசைத்தட்டிலும் ஏறியதில்லை. அவர் வீட்டிலேயே பதிவு நடந்தது. 1960-இல் வெளிவந்த அந்த முதல் தட்டு 250 படிகளே அச்சானது. உறைகளில் ஒட்டுவேலையைக்கூட ஸ்ட்ராக்விட்ஸும் நண்பர்களும் தம் கையாலேயே செய்தார்கள். வயல்வேலையின்போது தனியாள் குரலெடுத்துக் கூவும் பாட்டைக் குறிக்கும் ‘அர்ஹூலி’ என்ற பெயரையும் மெக்கார்மிக்தான் சொன்னார். (இப்பெயரைச் சரியாக உச்சரிப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.)

நிறுவனம் நிலைத்த கதை விந்தையானது. 1965-இல் பாடகர் கண்ட்ரி ஜோ மெக்டொனால்டின் போர் எதிர்ப்புப் பாடல் ஒன்றைத் தம் வீட்டுக் கூடத்தில் பதிவு செய்து கொடுத்த ஸ்ட்ராக்விட்ஸ், அதன் வெளியீட்டு உரிமையில் பங்கு பெற்றிருந்தார். 1969-இன் வுட்ஸ்டாக் இசைவிழாவுக்குப் பின் அப்பாடல் ஈட்டிய பணம், கலிஃபோர்னியாவின் எல் செரிட்டோ நகரில் நிறுவனத்துக்குக் கட்டடம் வாங்க உதவியது.

ஆனால் என் கோரிக்கைக்கு நேரடியாக உதவும் நிகழ்ச்சி வேறொன்று. ஆங்கில ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் 1971-இல், அர்ஹூலி பதிவு செய்த ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஃப்ரெட் மெக்டவலின் பாடலொன்றைத் தம் தொகுப்பில் பாடி வெளியிட்டார்கள். அதற்குரிய உரிமத்தொகையை வழக்கறிஞர் துணையோடு போராடிப் பெற்ற ஸ்ட்ராக்விட்ஸ், மெக்டவல் 1972-இல் இறப்பதற்கு முன்பே அதைக் காசோலையாக அவர் கையில் சேர்த்தார். இன்னார் பாடியது, இன்ன ஊரில் பதிவானது, இன்னாரிடமிருந்து வந்தது என்ற குறிப்பை அலங்காரமாக நினைப்பவர்கள் இந்தக் காசோலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ப்ளூஸ் பாடகர்களுக்கு அந்த எழுத்து கூலிச்சீட்டுக்குச் சமம்.

இன்று பெரும்பாலான நேயர்கள் இப்பாடல்களைக் கைப்பேசிச் செயலிகளில்தான் கேட்கிறார்கள். அங்கே பாடகர் பெயரும் பாடலின் தலைப்பும் சிறு அட்டைப்படமும் இருக்கும். லிப்ஸ்கோம்ப் யார், அவர் பின்னால் எந்த ஊர் இருந்தது என்று விரித்துச் சொன்ன பின்னட்டை இராது. இக்குறை செயலிகளுடையது என்பதை அறிவேன். எனினும் மோசஸ் ஆஷ் நிறுவிய ஃபோக்வேஸ் நிறுவனத்தின் இசைத்தொகுப்புகளை 1987-இல் ஏற்றபோது, ஒரு தலைப்பையும் விற்பனையிலிருந்து விலக்குவதில்லை என்ற நிபந்தனைக்கு உட்பட்ட நிறுவனம் உங்களுடையது. அதே உறுதியை அர்ஹூலிக்கும் எழுத்தில் அறிவித்து, பாடல்களோடு உறைக்குறிப்புகளையும் அதில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்: ஒவ்வொரு தொகுப்பின் முழுக் குறிப்பும் விலையின்றி எவரும் படிக்கும்படி உங்கள் இணையத்தில் இருக்கட்டும், பதிவான இடம், நாள், உடன் வாசித்தோர் பெயர் ஆகியவை செயலிகளுக்கு அனுப்பும் தரவில் விடுபடாதிருக்கட்டும், உரிமத்தொகைக்கு உரிய வாரிசுகள் உங்களை அணுகும் வழி எளிய சொற்களில் முகப்பிலேயே தெரியட்டும்.

ஸ்ட்ராக்விட்ஸ் 2023-இல் தம் 91-ஆம் வயதில் மறைந்தார். யாருடைய பாட்டு எங்கே பதிவானது என்று கேட்டவுடன் சொல்ல அவர் இல்லை. அதைச் சொல்லும் தாள்கள் இப்போது உங்களிடமே இருக்கின்றன.

இப்படிக்கு,
ப்ளூஸ் நேயர் ஒருவர்