பெண்டாமஸ்டின் பட்டியலில் இருக்கிறது, இப்ருடினிப் எப்போது வரும்?

தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலைத் திருத்தும் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சிஎல்எல் என்று நோயாளிகள் சுருக்கமாகச் சொல்லும் நாள்பட்ட நிணநீர் ரத்தப் புற்றுநோயைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2022 செப்டம்பரில் வெளியான பட்டியலில் பெண்டாமஸ்டின் என்ற கீமோ ஊசி மருந்தைப் புதிதாகச் சேர்த்தீர்கள். அதோடு சேர்த்துப் போடும் ரிடுக்சிமாப் ஊசி ஏற்கெனவே இருந்தது. இப்ருடினிப் மாத்திரை இல்லை. அடுத்த திருத்தத்தில் அதைச் சேருங்கள், அதுவும் முதல் சிகிச்சைக்கே சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் அப்பா ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். சில வருடம் மருந்தே இல்லாமல் ரத்தப் பரிசோதனை மட்டும் செய்து கண்காணித்து வந்தார்கள். பிறகு கழுத்தில் கட்டிகள் பெருத்தன, ஹீமோகுளோபின் இறங்கியது. அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்த டாக்டர், “இனிமே தள்ளிப்போட முடியாது. மாத்திரை கொடுத்தா நல்லது. மாசாமாசம் வாங்க முடியுமா?” என்று கேட்டார். கேட்கும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “காப்பீட்டுல எது வருதோ அதையே போடுங்க சார்” என்று சொல்லிவிட்டார். மாத்திரை என்ன விலை என்றுகூட அவர் கேட்கவில்லை. தம்பி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அந்தக் கணக்கை அப்பா முன்பே போட்டு வைத்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். எந்த மருந்து என்பது அத்துடன் முடிவாகிவிட்டது.

டாக்டர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் மருத்துவம் தீர்மானிக்க வேண்டிய ஒன்றை ஒரு நோயாளி தன் பிள்ளைகளின் முன்னால் உட்கார்ந்து பணத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பெண்டாமஸ்டினும் ரிடுக்சிமாபும் ஏறின. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு வெள்ளணுக்கள் அடியோடு இறங்கி, காய்ச்சல் வந்து, நிமோனியாவில் போய் நின்றது. அப்பா பிழைத்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பிழைக்கவில்லை.

சான்று போதாது என்று யாரும் சொல்ல முடியாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் குளோராம்புசில் என்ற பழைய கீமோ மாத்திரையோடு ஒப்பிட்டு, இப்ருடினிப் நோய் முற்றும் அபாயத்தையும் மரண அபாயத்தையும் வெகுவாகக் குறைப்பதாக 2015இல் ரெசொனேட்-2 என்ற ஆய்வு காட்டியது. 2018இல் அமெரிக்காவின் அலையன்ஸ் என்ற புற்றுநோய் ஆய்வுக் குழு, அப்பாவுக்குப் போட்ட அதே பெண்டாமஸ்டின்-ரிடுக்சிமாபை இப்ருடினிப்போடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. இரண்டு ஆண்டு முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் கீமோ பக்கம் 74 சதவீதம், மாத்திரை பக்கம் 87 சதவீதம். 70 வயது வரையுள்ளவர்களுக்கான இ1912 ஆய்வு 2019இல் வந்தது. கீமோக்களிலேயே வலுவானது என்று பெயரெடுத்த எஃப்சிஆர் என்ற மூன்று மருந்துக் கூட்டு அதில் பின்தங்கியது. மூன்று ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் அந்தப் பக்கம் 91.5 சதவீதம், இப்ருடினிப்-ரிடுக்சிமாப் பக்கம் 98.8 சதவீதம். கடுமையான தொற்றும் எஃப்சிஆரில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இத்தனையும் வெளியான பிறகுதான் உங்கள் 2022 பட்டியல் வந்தது. அதற்கு முந்தின வருடமே உலகச் சுகாதார நிறுவனம், நோய் திரும்பியவர்களுக்காக என்றாலும், தன் மாதிரிப் பட்டியலில் இப்ருடினிப்பைச் சேர்த்துவிட்டது.

மாத்திரையிலும் குறை உண்டு. இதயத் துடிப்பு தடுமாறும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தக் கசிவு வரலாம். அலையன்ஸ் ஆய்வில் மொத்த ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை என்பதும் உண்மை. ஐஜிஹெச்வி என்ற மரபணுவில் மாற்றம் உள்ள இளம் நோயாளிகள் சிலர் எஃப்சிஆர் எடுத்துப் பத்தாண்டு தாண்டியும் நோயில்லாமல் இருக்கிறார்கள். சரி, யாருக்கு எது என்று டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். அதற்கு இரண்டுமே அவர் கைக்கு எட்ட வேண்டும் அல்லவா?

இன்னொன்றும் இருக்கிறது. 17ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாதவர்களுக்குக் கீமோ சரியாகப் பலிக்காது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு நாங்கள் வெளியே பணம் கட்ட வேண்டும் என்றார்கள். கீமோவோ இலவசம். எங்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்த பலர் அந்தப் பரிசோதனையை விட்டுவிட்டு நேரே ஊசிக்குப் போனார்கள். பலன் தராது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியிருந்தும் ஒரு மனிதர் உடம்பில் ஆறு சுற்று நஞ்சை ஏற்றுவது எந்த விதத்தில் சிக்கனம்?

விலை அதிகம் என்பதால் பட்டியலில் வரவில்லை என்றால், பட்டியலில் வராததால்தான் விலைக்கு உச்சவரம்பும் வரவில்லை. 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, நீங்கள் ஒரு பெயரைச் சேர்த்தால் விலை நிர்ணய ஆணையம் அதற்கு வரம்பு வைத்தாக வேண்டும். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி உங்கள் கையில் இருக்கிறது. 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்தை 30 சதவீதத்துக்குள் அரசு கட்டுப்படுத்தியதே! நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் இமாடினிப் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், பேரப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தின் காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்து, மலிவு விலை மாத்திரைக்கு இருந்த ஆபத்தை நீக்கியது. அவர்களுக்குக் கிடைத்தது எங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது? மேலை நாடுகளை விட இங்கே சிஎல்எல் குறைவு, அதனால் எங்கள் குரலும் சன்னமாகத்தான் கேட்கும். எண்ணிக்கை குறைவு என்பதற்காக ஒரு நோயைப் பின்வரிசையில் உட்கார வைக்காதீர்கள்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாழ்மையுடன் மறுபடியும் கேட்கிறேன். சிஎல்எல்லின் முதல் சிகிச்சைக்கு இப்ருடினிப்பைப் பட்டியலில் சேருங்கள். ஓராண்டோடு முடியும் வெனிடோகிளாக்ஸ்-ஒபினுடுசுமாப் என்ற இரு மருந்துச் சிகிச்சையையும் பரிசீலியுங்கள். வாழ்நாள் முழுக்க மாத்திரை வாங்க முடியாத குடும்பங்களுக்கு அது பொருந்தி வரும். கீமோ தொடங்கும் முன் 17ஆம் குரோமோசோம் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சகத்துக்குப் பரிந்துரை செய்யுங்கள். சேர்க்க முடியாது என்று முடிவெடுத்தால், அதற்கான காரணத்தை எங்களைப் போன்றவர்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி வெளியிடுங்கள்.

அப்பாவுக்கு இப்போது நோய் அடங்கியிருக்கிறது. அது திரும்பினால் அந்த டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்க வேண்டி வரும். அதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிஎல்எல் நோயாளியின் மகள்
திண்டுக்கல் மாவட்டம்