இனிப்புநீர் ஆய்வு நாளில் நோயாளிகளை வெறும் வயிற்றோடு காக்க வைப்பதை நிறுத்தக் கோரும் மனு

பெறுநர்:
மருத்துவமனை இயக்குநர் அவர்கள்,
செபராங் பிறை, பினாங்கு.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவமனையின் இனிப்புநீர் கிளினிக்கில் சிகிச்சை பெறுபவர்களும் அவர்களை அழைத்து வரும் பிள்ளைகளும் சேர்ந்து இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். இதே விஷயத்தை முன்பே கடிதமாகக் கொடுத்தோம். முகப்பில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள், பதில் வரவில்லை. அப்புறம் மின்னஞ்சலும் அனுப்பினோம். அதற்கும் பதில் இல்லை.

பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் கைகோத்து ஆய்வு செய்வதை நாங்கள் எதிர்க்கவில்லை. நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாக 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். கால்விரல் எடுத்தவர்களும் டயாலிசிஸுக்குப் போகிறவர்களும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அதனால்தான் கேட்டவுடன் கை நீட்டி இரத்தம் கொடுத்தோம்.

1. ஆய்வு நாளுக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது என்கிறார்கள். வால்டோர், சிம்பாங் அம்பாட் பக்கமிருந்து வருகிறவர்கள் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். காலையில் ஜூருவில் வண்டிகள் எப்படி நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஏழரைக்கு வந்து உட்கார்ந்தால், ஆய்வுக் குழு வந்து சேர்வது ஒன்பதரைக்கு மேல். வந்ததும் இரத்தம் எடுப்பதும் இல்லை. முதலில் படிவம், பிறகு எடை, இடுப்பளவு, அதற்கும் பிறகு நீண்ட கேள்வித்தாள். ஊசி குத்தும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. பதின்மூன்று மணி நேரப் பட்டினி! எட்டு மணி நேரம் போதும் என்று உங்கள் தாதியே சொல்கிறார். இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வயதானவர்கள். போன முறை எங்களில் ஒருவரின் அம்மாவுக்கு நாற்காலியில் இருந்தபடியே வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியாமல் விழித்தார். விரலில் குத்திப் பார்த்தால் 2.9. நான்குக்குக் கீழே போனாலே சர்க்கரை குறைவு என்று உங்கள் கிளினிக்கில்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தாதி மிஸ்ஸி ஓடிப்போய்த் தன்னுடைய மைலோவைக் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார், அவர் நன்றாக இருக்க வேண்டும். அதே நாளில், தாங்க முடியாமல் பையிலிருந்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்ட பெரியவர் ஒருவரை, இன்றைக்கு எடுக்க முடியாது, அடுத்த வாரம் மறுபடி வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். இது சரியா, டாக்டர்?

2. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனைக்குப் பட்டினி தேவையே இல்லை. பட்டினி வேண்டிய சோதனை எது என்று பிரித்து, அதற்கு வருகிறவர்களுக்கு மட்டும் காலை எட்டு மணிக்குள் இரத்தம் எடுத்துவிடச் சொல்லுங்கள். கேள்வித்தாளை அவர்கள் பசியாறிவிட்டு வந்து நிரப்புவார்கள். வரிசையை மாற்றுவதுதான் வேலை, வேறு செலவில்லை.

3. தகவல் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு நின்றவர்கள் எதை வாசித்துக் கையெழுத்துப் போடுவார்கள்? தமிழில் தாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும் என்பது நாட்டின் மருத்துவ ஆய்வு வழிகாட்டியில் உள்ள விதி. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சிகிச்சை பாதிக்காது என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விலகினால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்றுதான் பலர் பசியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

4. ஆய்வைத் திட்டமிடும் கூட்டத்தில் நோயாளிகளுக்கும் இடம் வேண்டும். மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறையாகிய ஹெல்சின்கி பிரகடனத்தை உலக மருத்துவச் சங்கம் 2024 அக்டோபரில் திருத்தியபோது, ஆய்வுக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பிறகும் பங்கேற்பவர்களையும் அவர்களுடைய சமூகத்தையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எங்களில் ஒருவரை அந்த மேசையில் உட்கார வைத்திருந்தால் இந்தப் பட்டினியைப் பற்றி முதல் நாளே சொல்லியிருப்பார். பேராசிரியர்களுக்குத் தெரியாததை எங்களால் சொல்ல முடியும். கேளுங்கள்! நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று எங்களிடம் சொன்னார்கள். நோயாளியை மதியம் வரை பட்டினி போட அந்தக் குழு ஒப்புதல் கொடுத்ததா?

5. முடிவையும் எங்களுக்குச் சொல்லுங்கள்.

டாக்டர் அவர்களே, மற்றவற்றுக்குக் கூட்டம், கோப்பு, நேரம் எல்லாம் தேவைப்படலாம். எட்டு மணிக்குள் இரத்தம் எடுப்பதற்கு உங்கள் உத்தரவு ஒன்று போதும். அடுத்த ஆய்வு நாளுக்கு முன் அந்த உத்தரவைப் போடும்படி மீண்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை எங்கள் பெரியவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப எங்களுக்கு மனம் வராது. இம்முறையாவது எழுத்து மூலம் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
இனிப்புநீர் கிளினிக் நோயாளிகளும் குடும்பத்தினரும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)