விடுமுறை வேலை கேட்டு வரும் பிள்ளைகளுக்காக: கோவில்பட்டி வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகர் சங்க நிர்வாகிகளுக்கும் கடை உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பொதுத்தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகள் வேலை கேட்டு உங்கள் கடைப்படி ஏறுவதும், "பதினெட்டு ஆகலையேப்பா, லேபர் ஆபீசர் வந்தால் வம்பு" என்று நீங்கள் திருப்பி அனுப்புவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. அந்த அச்சத்தில் பாதிதான் நியாயம். நீங்கள் மறுத்துவிட்டதால் அந்தப் பிள்ளை வீட்டில் இருந்துவிடுவதில்லை. வயதே கேட்காத ஆளிடம் போய்ச் சேருகிறது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் பந்தி பரிமாறப் போன என் மாணவன் ஒருவன், நள்ளிரவுக்கு மேல் பாத்திரம் ஏற்றிய வண்டியிலேயே படுத்து ஊர் திரும்பியதைப் பெருமையாகச் சொன்னான். தீப்பெட்டியும் பட்டாசும் சூழ்ந்த நம் வட்டாரத்தில் அதைவிட மோசமான இடங்களும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. மீறினால் சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆனால் 14 முதல் 18 வயது வரையுள்ள வளரிளம் பருவத்தினரை, சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், ஆபத்தான ஆலைப் பணிகள் ஆகியவற்றில்தான் சட்டம் முற்றாகத் தடுக்கிறது. மற்ற வேலைகளுக்கு அது நேர வரம்பு வைக்கிறது. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு வேண்டும், ஓய்வையும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குள் அன்றைய வேலை முடிய வேண்டும். இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை இல்லை, ஓவர்டைமும் கிடையாது, வாரம் ஒரு நாள் விடுமுறை. காலை பத்து மணிக்கு வந்து, ஒன்று முதல் இரண்டு வரை சாப்பாட்டுக்குப் போய், நான்கு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளையை எந்த அதிகாரி வந்து கேட்டாலும் நீங்கள் தலைநிமிர்ந்து காட்டலாம். வேலைக்குச் சேர்த்த 30 நாட்களுக்குள் தொழிலாளர் ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிப்பதும், பெயர், பிறந்த தேதி, வேலை நேரம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பதும் உங்கள் பொறுப்பு.

எந்த வேலைக்கு எந்தப் பிள்ளை என்பதில்தான் உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது. வணிகவியல் படித்தவர்கள் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று இரண்டு ஆண்டுகள் எழுதியும், ஓர் உண்மையான கடையின் கணக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. (எங்கள் பாடநூல் வியாபாரிகள் ஜனவரி முதல் நாள் ரொக்கத்தோடு தொழில் தொடங்குபவர்கள், பொங்கல் கழித்துத் தருகிறேன் என்று சரக்கு வாங்கிப் போகும் வாடிக்கையாளர் அவர்களுக்குக் கிடையாது.) கொள்முதல் பில்லை வரிசைப்படுத்தி ஜிஎஸ்டி கணக்குக்கு ஏற்றும் வேலையில் அவர்களை ஒரு மாதம் உட்கார வைத்துப் பாருங்கள். கணினி படித்தவர்களுக்கு, பொறியியல் கலந்தாய்வுக்கும் வருமான, சாதி, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கும் மக்கள் அலைமோதும் மே மாதத்தில் இணைய சேவைக் கடைகளிலேயே வேலை காத்திருக்கிறது. நோட்டுப் புத்தகக் கடைகளுக்கும் சீருடைத் துணிக்கடைகளுக்கும் ஆள் போதாமல் தவிக்கும் நேரமும் அதுவே. கடலை மிட்டாய்க் கடையில் பொட்டலம் போடவும் கல்லாவுக்கு உதவவும் வைக்கலாம். கொதிக்கும் பாகுக்குப் பக்கத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

வண்டியைக் கொடுத்து டெலிவரிக்கு அனுப்பவும் வேண்டாம். உரிமம் பெறும் வயது ஆகாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம் இவர்களுக்கும் பொருந்தும். பெண் பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பத் தயங்குவது பெரும்பாலும் கழிப்பறை இல்லாத கடைகளை நினைத்துத்தான். கூலியை, "ஸ்கூல் திறக்கும்போது மொத்தமாகத் தருகிறேன்" என்று நிறுத்தி வைக்காமல் வாரந்தோறும் பிள்ளையின் கையிலோ வங்கிக் கணக்கிலோ கொடுங்கள்.

சங்கத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். எந்தக் கடைக்கு எத்தனை பேர், என்ன வேலை, என்ன சம்பளம் என்று மார்ச் மாதத்துக்குள் ஒரு பட்டியல் எடுத்துத் தலைமை ஆசிரியர்களிடம் கொடுங்கள். பதிவேட்டுக்குக் கோடு போட்டுத் தரவும், ஆய்வாளருக்கான கடிதத்தை எழுதித் தரவும் எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
கோவில்பட்டி.