மருந்தே அடிக்காத திராட்சை எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் இரண்டு வாரத்துக்கு முன் ஐரோப்பாவின் இயற்கை ஒயின் தோட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமையாக இருந்தன. ஆனால் 'மருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை' என்று ஓரிடத்திலும், 'எந்த ரசாயனமும் சேராத ஒயின்' என்று இன்னோரிடத்திலும் எழுதியிருந்தார்கள். சுருளிப்பட்டிப் பக்கம் முப்பத்தைந்து வருடமாகப் பன்னீர் திராட்சை போடுகிறவன் நான். போன ஜூன் மாதம் அப்படிப்பட்ட ஒரு தோட்டத்துக்கே போய், அதை நடத்தும் குடும்பத்தோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டும் வந்தேன். அந்தத் தோட்டக்காரரே சொல்லிக்கொள்ளாத பெருமையை நாம் ஏன் அவர் தலையில் ஏற்றவேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. என் மகள் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் வேலையில் இருக்கிறாள். பேத்தி பிறந்ததற்காக நானும் என் வீட்டம்மாவும் இரண்டு மாதம் போயிருந்தோம். ஐந்தாறு வாரத்தில் எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. "அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டத்தைக் காட்டினாத்தான் சரியாவாரு" என்று மகள் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனாள். கோல்மார் வரைக்கும் ரயிலில் அரை மணி நேரம். அங்கிருந்து மருமகனின் நண்பர் காரில் ஏற்றிக்கொண்டார். ஈகிஷெய்ம் என்ற ஊரைத் தாண்டிப் போனோம். வளையத்துக்குள் வளையமாகத் தெருக்கள் சுற்றிவரும் ஊர் அது. கூரை மேல் நாரைகள் கூடு கட்டியிருந்தன. நாங்கள் போனது அதற்கடுத்த ஒரு சிறிய கிராமத்துக்கு. அந்தக் குடும்பத்தின் பேரை எழுத வேண்டாம் என்று மகள் சொன்னதால் விட்டுவிடுகிறேன்.

ஊருக்கு மேற்கே வோஜ் மலை. அதைப் பார்த்ததும் எனக்கு நம்ம ஊர் ஞாபகம்தான். மேற்கிலிருந்து வரும் மழையை அந்த மலை தடுத்துவிடுகிறது. கோல்மாரில் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அதிகம் என்றார்கள். பிரான்ஸிலேயே மழை குறைந்த ஊர்களில் அது ஒன்று. கம்பம் பள்ளத்தாக்கும் மலைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிற ஊர்தானே. திராட்சைக்கு அந்த மறைவு பிடிக்கும் போலிருக்கிறது.

மற்றபடி எல்லாமே வேறு மாதிரி. எங்களுக்குக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். தலைக்கு மேலே கொடி, நிமிர்ந்து பார்த்தால் குலை. அவர்களுக்கு வரிசை வரிசையாக வேலி மாதிரி. கவாத்து வருடத்துக்கு ஒரே தடவை, பனிக்காலத்தில். அறுவடையும் ஒரே தடவை. ஆண்டு முழுவதும் குலை தொங்கும் ஊரிலிருந்து வருகிறேன் என்றதும் தோட்டக்காரர் மகளைத் திரும்பப் பார்த்து, சரியாகத்தான் மொழிபெயர்த்தாயா என்று கேட்டார்.

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. மனைவி, காலேஜ் முடித்த ஒரு பையன், எண்பத்தாறு வயது அம்மா. இருபத்திரண்டு ஏக்கர் அளவுக்கு நிலம், ஆனால் பத்துப் பன்னிரண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டுக்குத்தான் முதலில் கூட்டிப்போனார். பட்டாணி அளவுக்குக் காய் பிடித்திருந்தது. வரிசைகளுக்கு நடுவே புல்லும் காட்டுப் பூவும் முழங்கால் உயரம். களைக்கொல்லி கூடாது என்பதால் கொடியின் அடியில் மட்டும் டிராக்டரில் கத்தி கட்டிக் கொத்துகிறார்கள். கம்பியில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள் தொங்கின. இனக்கவர்ச்சிப் பொறியா என்றேன். பொறி இல்லையாம். பெண் அந்துப்பூச்சியின் வாசனையைத் தோட்டம் முழுக்கப் பரப்பிவிட்டால் ஆண் பூச்சி எங்கே போவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி ஓய்ந்துவிடுமாம். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து கட்டினால்தான் பலிக்கும். ஒருத்தர் தோட்டத்தில் மட்டும் கட்டினால் வீண். நம்மூரில் வாய்க்கால் தண்ணீருக்கே ஒன்று சேர மாட்டேன் என்கிறோம்.

அப்புறம்தான் இலையைப் பார்த்தேன்.

இலையின் மேல் இளநீலத்தில் புள்ளி புள்ளியாகக் காய்ந்த பூச்சு. எத்தனை நாள் என் சட்டையிலும் கையிலும் அந்த நிறம் ஒட்டியிருக்கிறது! மகளிடம் மெதுவாக, "என்னம்மா, மயில்துத்தம் அடிச்சிருக்காரு, இயற்கைங்கறாரு" என்றேன். அவள் தயங்கினாள். விருந்துக்குப் போன இடத்தில் இதைக் கேட்பதா? நான் இலையைக் கிள்ளி அவரிடமே நீட்டிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "போர்தோ" என்று சிரித்தார். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நாங்கள் போர்டோ கலவை என்று வாங்குவதும் அதைத்தானே. மயில்துத்தம் என்கிற செம்பு உப்பு, சுண்ணாம்பு, தண்ணீர்.

போர்தோ ஊர்ப் பக்கம் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்கக் கூடாது என்று சாலையோரக் கொடிகளில் இதைப் பூசி வைத்திருந்தார்களாம். பூசிய கொடியில் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் வரவில்லை என்பதை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்து 1885-இல் எழுதினார். திருடனுக்கு வைத்தது நோய்க்கு மருந்தாயிற்று. இயற்கை விவசாயச் சட்டமும் இதை அனுமதிக்கிறது, ஆனால் அளவோடு. ஐரோப்பாவில் ஒரு ஹெக்டேருக்கு ஏழு வருடத்தில் 28 கிலோ செம்புக்கு மேல் போடக் கூடாது. சராசரியாக வருடத்துக்கு 4 கிலோ. செம்பு மட்கிப் போகிற பொருள் இல்லை. போட்டது மண்ணிலேயே கிடந்து மண்புழுவுக்கு எமனாகும்.

நான் அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். மயில்துத்தத்தில் கால் பங்குதான் செம்பு. அப்படியானால் 4 கிலோ செம்பு என்பது 16 கிலோ மயில்துத்தம். ஏக்கருக்கு ஆறரை கிலோ. ஒரு சதவீதக் கலவை என்றால் நூறு லிட்டருக்கு ஒரு கிலோ. எங்கள் பந்தலுக்கு ஏக்கருக்கு நானூறு லிட்டராவது வேண்டும். இரண்டாவது தடவை அடித்து முடிப்பதற்குள் அவருடைய ஒரு வருடக் கணக்கு தீர்ந்துவிடும்! அவர் எப்படி ஓட்டுகிறார் என்றால், மழை வருகிறது என்று தெரிந்தால் மட்டும் ஹெக்டேருக்குச் சில நூறு கிராம் செம்பு என்று மெலிதாக அடிக்கிறார். சாம்பல் நோய் என்ற இன்னொரு பூஞ்சைக்குக் கந்தகம். 2021-இல் விடாத மழை. அந்த வருடம் விளைச்சலில் பாதிக்கு மேல் போய்விட்டது, பக்கத்துத் தோட்டக்காரர் செடிக்குள் ஊடுருவும் ரசாயன மருந்து அடித்துப் பிழைத்துக்கொண்டார், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் மனைவி பேச்சை மாற்றப் பார்த்தார். எந்த ஊரிலும் விவசாயி வீட்டில் அப்படித்தான்.

இனி ருசி பார்த்த கதை. நிலவறையில் ஆளுயரத்துக்கு மேல் ஓக் மரப் பீப்பாய்கள், நீளவாட்டில் முட்டை வடிவம். மேஜையில் பச்சைத் தண்டு வைத்த கண்ணாடிகள், ரொட்டி, நடுவில் ஒரு பீங்கான் ஜாடி. ஜாடி எதற்கு என்று கேட்டேன். துப்புவதற்காம். நம்ம பாட்டிமார் திண்ணையில் வைத்திருந்த படிக்கம்தான்! "முழுங்காதீங்கப்பா, வாயில வச்சுட்டு துப்பிடுங்க" என்றாள் மகள். எனக்கு நிம்மதியாகப் போயிற்று. வீட்டம்மா மட்டும் ஒரு மூலையில் அந்தப் பாட்டியோடு உட்கார்ந்து, இரண்டு பேரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இன்று வரை தெரியாது.

முதலில் சில்வானர் என்ற திராட்சை வகையின் ஒயின், புல் வாசனை. பிறகு ரீஸ்லிங் வகையில் இரண்டு, ஒன்று கருங்கல் மண்ணில் விளைந்தது, ஒன்று சுண்ணாம்பு மண்ணில். ஒரே கொடி, ஒரே வருடம், ஒரே ஆள். முதலாவது எலுமிச்சை மாதிரி நேராகக் குத்தியது. இரண்டாவது கொஞ்சம் தாமதமாகப் பேசியது. மண்ணின் வித்தியாசம் நாக்கில் தெரியும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மூன்றாவது வகை மஸ்கட். கண்ணாடியை மூக்குக்குக் கொண்டுபோனதும் கொஞ்ச நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்றே மறந்துவிட்டேன். என் தோட்டம்! விடியற்காலை கூடையில் குலை அடுக்கும்போது வரும் அதே வாசனை. எங்கள் பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பம்தான், மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சரி, இனிக்கும் என்று வாயில் வைத்தால் துளி இனிப்பில்லை. சர்க்கரை முழுக்கப் புளித்துப் போய் வாசனை மட்டும் தங்கியிருக்கிறது. மூக்கு ஒன்று சொல்ல நாக்கு வேறொன்று சொன்னது. கடைசியாக கெவுர்ஸ்ட்ராமினர் என்று வாயில் நுழையாத பேரில் ஒன்று. சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாண மண்டப வாசலில் தெளிப்பார்களே, அந்தப் பன்னீர் வாசனை. பேரை மாற்றி வைத்துவிட்டோமோ என்று தோன்றியது.

உங்கள் கட்டுரை சொன்ன 'எந்த ரசாயனமும் சேராத' விஷயத்துக்கு வருகிறேன். பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். நட்சத்திரங்களால் வரைந்த இலை முத்திரை, சான்றளித்தவர்களின் குறியீட்டு எண், அதே சீட்டில் 'சல்ஃபைட் உள்ளது' என்ற வரி. ஒயின் கெடாமலிருக்கச் சேர்ப்பது அது. சாற்றைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டே அதைக் கொஞ்சம் உண்டாக்கிவிடுகிறது, அதனால் சுத்தமாக இல்லாமல் செய்வது யாராலும் ஆகாது. இனிப்பில்லாத வெள்ளை ஒயினில் வழக்கமாக லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். இயற்கை முத்திரை வேண்டுமென்றால் 150-க்குள் இருக்கவேண்டும். இன்னொன்று, 2012-க்கு முன்னால் ஐரோப்பாவில் இயற்கை ஒயின் என்று போடவே முடியாது. 'இயற்கை முறையில் விளைந்த திராட்சையில் செய்த ஒயின்' என்றுதான் போடலாம். பழம் வேறு, பானம் வேறு என்று அவ்வளவு கவனம். முத்திரை வாங்கும் முன் தோட்டத்தை மூன்று வருடம் மாற்றுக் காலத்தில் வைத்திருக்கவேண்டும். செலவு முழுக்க உண்டு, முத்திரை கிடையாது.

கிளம்பும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். தேதி, எந்தத் துண்டு, என்ன அடித்தேன், எத்தனை கிராம், அன்றைக்கு எவ்வளவு மழை. ஆய்வாளருக்காக எழுதுவது அது. ஆனால் ருசி பார்க்க வருகிறவர் யார் கேட்டாலும் காட்டுவாராம். யாரும் கேட்பதில்லை, நீங்கள்தான் இலையைக் கிள்ளினீர்கள் என்றார்.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. மூன்று வருடத்துக்கு முன் மதுரையில் ஒரு கடையில் 'நூறு சதவீதம் இயற்கை, மருந்தில்லாத் திராட்சை' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டி பெட்டியாக வைத்திருந்தார்கள். விலை நான் வாங்கியதைப்போல மூன்று மடங்கு. எடுத்துப் பார்த்தேன். பெட்டிக்கு அடியில் விரித்திருந்தது எங்கள் வீட்டுப் பழைய பேப்பர், ஓரத்தில் என் பேரன் பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கிய யானை. இரண்டு நாள் முன்பு வியாபாரி என் தோட்டத்தில் ஏற்றிப்போன பழம். அதற்கு நான் என்னென்ன அடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கடைக்காரரிடம் சொன்னேன். "பெரியவரே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். 'மருந்தே இல்லை' என்று அச்சில் வரும்போது அந்த ஸ்டிக்கர்காரருக்குத்தான் லாபம். நோட்டைக் காட்டுகிற ஆளுக்கு நஷ்டம், ஏனென்றால் அவர் 'கொஞ்சம் செம்பு அடிக்கிறேன்' என்று உண்மையைச் சொன்னதும் வாங்க வந்தவர் முகம் மாறிவிடும். நம் மாநிலத்திலும் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு சான்றளிப்புத் துறை இருக்கிறது, அதற்கும் விதிமுறைப் பட்டியல் இருக்கிறது. இனி இயற்கைத் தோட்டம் பற்றி எழுத வருகிற நிருபர்கள் 'மருந்து அடிப்பீர்களா' என்று கேட்பதை விட்டுவிட்டு 'என்ன அடித்தீர்கள், எவ்வளவு, எப்போது' என்று கேட்டு அந்தக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். அரைப் பத்தி போதும்.

நான் இயற்கை விவசாயி இல்லை, ஆகப்போகிறேன் என்று சொல்லவும் மாட்டேன். இந்தப் பந்தலில் அடிச்சாம்பலை அந்த அளவுக்குள் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் தோட்ட வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். அடித்த தேதி, மருந்தின் பேர், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அதில் இருக்கும். வியாபாரி இரண்டு தடவை கழற்றச் சொல்லிவிட்டார். பலகை இருக்கிறது. போன புதன்கிழமை அடித்ததும் எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
திராட்சை விவசாயி ஒருவர்,
சுருளிப்பட்டி, தேனி மாவட்டம்.

பி.கு.: அந்தப் பாட்டி என் வீட்டம்மாவுக்குப் பழைய பீப்பாயின் உள்சுவரிலிருந்து பெயர்த்த கல் ஒன்றைக் கொடுத்தார்கள், கற்கண்டுக் கட்டி மாதிரி மின்னும். பல வருட ஒயின் விட்டுப்போன உப்பு அது. வீட்டம்மா அங்கேயே நுனிநாக்கில் வைத்துப் பார்த்து "புளி" என்றாள். மகள் செல்போனில் தேடிப் பார்த்தாள். புளியிலும் அதிலும் இருப்பது ஒரே அமிலம்தானாம். கல் இப்போது எங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரசத்தில் இன்னும் போடவில்லை.