உன் படத்தைப் பார்த்தேன், பிள்ளை

அன்பு மகளுக்கு,

வரிப் படிவம் அனுப்பிவிட்டாயா? ஏப்ரல் 30 கடைசி நாள். ஒவ்வொரு வருடமும் கடைசி இரவில்தான் ஓடித் திரிவாய். அம்மா சுகம், முழங்கால் நோ கொஞ்சம் குறைவு.

பத்திரிகையில் வந்த உன் படத்தை மாமா அனுப்பியிருந்தார். வெளிநாட்டிலிருந்து பண்ணை வேலைக்கு வருகிறவர்களுக்காகப் பதாகை பிடித்துக்கொண்டு நிற்கிறாய், தலையில் தொப்பி இல்லை. அந்தக் குளிரில் தொப்பி இல்லாமல் ஏன் பிள்ளை நிற்க வேண்டும்? அம்மா படத்தை எடுத்து அல்பத்துக்குள் வைத்துவிட்டாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு ரெலிபோனில் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று சொன்னது உன் நன்மைக்குத்தான். நீ கனடாவில் பிறந்தவள், ஒரு நாடு கதவைத் திறப்பதும் மூடுவதும் என்னவென்று உனக்குத் தெரியாது. நான் வர நான்கு வருடம் முன்னால், 1986 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் 155 பேரை மீன்பிடிக்காரர்கள் ஏற்றிக் கரை சேர்த்தார்களே, அதை மறக்கலாமா? சட்டத்துக்கு அடங்கி நட, வரியைக் கட்டு, ஜூரிக்குக் கூப்பிட்டால் போ, வாக்குப் போடு. 1997இல் குடியுரிமைச் சத்தியம் எடுத்த நாளிலிருந்து ஒரு தேர்தலைக்கூட நான் தவறவிட்டதில்லை. நீ அப்போது அம்மாவின் மடியில் நித்திரை.

அப்புறம் நீ கேட்டாய், "நன்றி யாருக்கு அப்பா?" என்று. நான் ரெலிபோனை வைத்துவிட்டேன். மூன்று கிழமையாகிறது.

நீ சொன்ன அந்த வழக்கைப் பற்றி வாசித்தேன். 1985 ஏப்ரல் 4ஆம் திகதித் தீர்ப்பு. அதற்கு முன்பு ஒருவருடைய அகதிக் கோரிக்கையை, முடிவெடுக்கிறவர் அவருடைய முகத்தையே பார்க்காமல், எழுதி வந்ததை மட்டும் வாசித்து மறுத்துவிடலாம். ஏழு பேர் அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், அதற்குப் பிறகுதான் நேரில் இருந்து வாய் திறந்து சொல்கிற உரிமை வந்தது. விசாரணை அறையில் நான் என் கதையைச் சொன்னதையும், இடையில் அழுதபோது அதிகாரிகள் பொறுத்திருந்து கேட்டதையும் உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அது அவர்களுடைய நல்ல மனம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன். நல்ல மனமும் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கதிரையில் என்னை இருத்தியது, இந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் அரசோடு வழக்காடிய அந்த ஏழு பேர். அவர்களை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

பண்ணைத் தொழிலாளர் திட்டம் 1966இல் தொடங்கியது, வருடத்தில் எட்டு மாதம்தான் இருக்கலாம், அனுமதி ஒரே முதலாளிக்கு மட்டும், அவர் வேண்டாமென்றால் கதை முடிந்தது என்று நீ சொன்னபோது, "தெரிந்துதானே வருகிறார்கள்" என்றேன். இந்த மாதிரி முன்பும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கும் தெரியாது.

1998 மாரி. தொழிற்சாலையில் என்னோடு இரவு வேலை செய்தவர், அகதிக் கேஸ் இன்னும் முடியாதவர். கிழமைக்கு அறுபது மணித்தியாலம் வேலை வாங்கிக்கொண்டு சாதாரணச் சம்பளம்தான் கொடுத்தார்கள். ஒன்ராறியோ சட்டப்படி 44 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அவர் நாள் நாளாகப் பென்சிலால் மட்டைப்பெட்டித் துண்டு ஒன்றில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். "நீங்கள் பார்த்தது உண்மை என்று ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள் அண்ணை, உங்களுக்குத்தான் பிரஜாவுரிமை இருக்கிறதே" என்று பேனையை நீட்டினார். நான் கையுறையைக் கழற்றவில்லை. இடம் தந்த நாட்டில் இப்படிப் பிரச்சினை கிளப்பலாமா என்று அவருக்குப் புத்தி சொன்னேன். அவர் மட்டையை இரண்டாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய் மெஷினில் நின்றார். அடுத்த மாதம் அவர் வேலைக்கு வரவில்லை, நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

என்னைத் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயமும் எனக்கு அப்போது இல்லை. என்ன பயமென்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவருக்குச் சொன்ன அதே புத்தியைத்தான் உனக்கும் சொன்னேன். பிழை என்னுடையது, மகள்.

ஆனால் நீயும் மூன்று கிழமை பேசாமல் இருந்திருக்கக் கூடாது. அம்மா இரவில் ரெலிபோனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

பண்ணைத் தொழிலாளரோடு பேசும்போது, வேலை செய்த நேரத்தை எங்கேயாவது குறித்து வைக்கச் சொல்லு, அருகில் நிற்கிற ஒருவரிடம் கையெழுத்தும் வாங்கச் சொல்லு. அந்த மனிதரை இப்போது தேடிப் பிடிக்க வழி ஏதும் இருக்கிறதா? முதற்பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும், எழுத்தில் வேண்டாம், நீ எடுக்கும்போது சொல்கிறேன். வரிப் படிவத்தை அனுப்பு. தொப்பி போடு.

அப்பா